காதலன், காதலி, கடவுள்! கிறிஸ்தவக் காதல் நாவல் எழுதுவது எப்படி?

1899-ம் ஆண்டு, நவம்பர் மாதம். அமெரிக்காவில் ஒரு பாதிரியார் குடல்வால் நோயால் இறந்து போனார். அவர் பெயர் தாமஸ் பிராங்க்ளின் ஹில். மனைவியின் பெயர் கிரேஸ். அந்த அம்மையாருக்கு அப்போது வயது 34. இரண்டு பெண் குழந்தைகள். இளைய குழந்தைக்கு இரண்டு வயது கூட நிரம்பவில்லை.

துக்கம் ஆறுவதற்கு முன்பே அடுத்த இடி விழுந்தது. ஒரு வருஷத்துக்குள் கிரேசின் தகப்பனாரும் காலமானார். அவரும் பாதிரியார்தான். பாதிரியார் வீட்டில் சொத்து ஏது? குழந்தைகளுக்குப் பால் வேண்டும். குளிருக்குத் துணி வேண்டும். அடுப்புக்குக் கரி வேண்டும்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தது எழுத்து. பேனாவை எடுத்தார். 1947-ல் கண்ணை மூடும் வரையில் அதைக் கீழே வைக்கவில்லை. 100-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பெரும்பாலானவை காதல் கதைகள். எல்லாவற்றிலும் கடவுளும் உண்டு!

"கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில்" என்ற பெயரில் வெளிவந்த அந்த நாவல்களைத் தாய் படித்தாள். படித்துவிட்டு மகளிடம் கொடுத்தாள். அவை இன்றும் அச்சில் இருக்கின்றன.

இது என்ன கதை?

காதல் கதை நமக்குத் தெரியும். ஓர் ஆண், ஒரு பெண். நடுவில் ஒரு தடை. தடை நீங்கினால் கல்யாணம். நீங்காவிட்டால் கண்ணீர்.

கிறிஸ்தவக் காதல் நாவலில் மூன்று பேர். காதலன், காதலி, கடவுள். கதாநாயகன் கதாநாயகியை நெருங்க வேண்டும். அதே சமயம் இருவரும், அல்லது இருவரில் ஒருவராவது, கடவுளையும் நெருங்க வேண்டும். கயிறு திரிக்கிறவர் மூன்று புரியைச் சேர்த்து முறுக்குகிறார் அல்லவா? அப்படி முறுக்க வேண்டும்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கதையிலிருந்து கடவுளை எடுத்து விடுங்கள். கதை அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அது சாதாரணக் காதல் கதை. மேலே கொஞ்சம் விபூதி பூசியது போல வேதவசனம் பூசியிருக்கிறீர்கள். காதலை எடுத்து விடுங்கள். அப்போதும் நிற்கிறதா? அப்படியானால் அது பிரசங்கம். எதை எடுத்தாலும் சரிந்து விழ வேண்டும். அப்போதுதான் அது இந்த ரகம்.

சொல்வது சுலபம். எழுதுவது கஷ்டம்!

சின்ன வயதிலேயே பழக்கம்

கிரேஸ் அம்மையார் 1865-ல் நியூயார்க் மாநிலத்தில், வெல்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தாயாரும் கதை எழுதுவார். தாயாருடன் பிறந்தவர் இசபெல்லா ஆல்டன். "பான்சி" என்ற புனைபெயரில் அவர் எழுதிய பக்திக் கதைகள் அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்களில் மிகவும் பிரபலம். சிறுமி கிரேசின் கதை ஒன்றை அவர் அச்சடித்துப் புத்தகமாகக் கட்டி, பிறந்த நாள் பரிசாகக் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு அதைவிட என்ன வேண்டும்?

முதல் முதலாகப் பணத்துக்காக எழுதியது 1887-ல். அப்போது குடும்பம் புளோரிடாவில் இருந்தது. வடக்கே ஷட்டாக்குவா என்ற ஏரிக்கரையில் கோடை காலத்தில் பெரிய கூட்டம் நடக்கும். பிரசங்கம், பாட்டு, படிப்பு, எல்லாம் உண்டு. குடும்பத்தோடு போக ஆசை. ரெயில் செலவுக்குக் காசு இல்லை. கிரேஸ் உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பூக்களும் பறவைகளும் தங்களுக்குள் ஒரு ஷட்டாக்குவா நடத்துவதாகக் கற்பனை. புத்தகம் வெளிவந்தது. குடும்பம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

கத்தரிக்கோல் போட்டார்கள்

விதவையான பிறகு எழுதிய நாவல்களில் ஒரு சங்கடம் வந்தது. கிரேஸ் அம்மையார் மதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். பதிப்பாளர்கள் அந்த இடங்களை வெட்டி விடுவார்கள். "காதல் இருக்கட்டும், ஜெபம் வேண்டாம்" என்பது அவர்கள் கணக்கு. ஜெபத்தைப் பணம் கொடுத்து யார் வாங்குவார்கள்?

1908-ல் "மார்சியா ஷைலர்" என்ற நாவல் வந்தது. கதையைக் கேளுங்கள். நாளைக்குக் கல்யாணம். மணப்பெண் முந்தின இரவே வேறொருவனோடு ஓடிப் போகிறாள். குடும்பத்துக்கு அவமானம். மாப்பிள்ளை இடிந்து போகிறான். ஓடிப்போனவளின் தங்கை, 17 வயதுப் பெண், அக்காளின் இடத்தில் மணமகளாக நிற்கிறாள்! அவனுடைய மனமோ ஓடிப்போனவளிடம் இருக்கிறது. இந்தப் பெண் அவன் வீட்டுக்குப் போய், வாய் திறக்காமல் அவனுக்காகக் காத்திருக்கிறாள்.

நம் ஊர் சினிமாவுக்கு எடுத்துக்கொண்டாலும் ஓடும் கதைதான்.

புத்தகங்கள் விற்றன. விற்றபின் கத்தரிக்கோல் உள்ளே போயிற்று. ஜெபங்கள் அச்சில் நின்றன. பதிப்பாளருக்கும் பக்தி வரும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வரும்!

இந்த அம்மையாரின் சொந்த வாழ்வில் ஒரு வேதனை உண்டு. 1904-ல் மறுமணம் செய்துகொண்டார். கணவர் பெயர் லட்ஸ். வயதில் 15 ஆண்டு இளையவர். அந்தக் கல்யாணம் சுகப்படவில்லை. சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். விவாகரத்து செய்யவில்லை. முதலில் சில புத்தகங்களில் "லட்ஸ்" என்ற பெயரையும் சேர்த்து அச்சடித்தார்கள். பிறகு அந்தப் பெயர் உதிர்ந்து போயிற்று. நாவலில் நூறு ஜோடிகளைச் சேர்த்து வைத்தவர், தம் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அந்த நாவல்களில் நல்லவர் முழுக்க நல்லவர். கெட்டவர் முழுக்கக் கெட்டவர். அது குறைதான். ஆனால் அவருடைய கதாநாயகிகள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலைப்படும்போது அந்தக் கவலை நிஜமாக இருக்கிறது. அனுபவித்தவர் எழுதியது.

அவர் இறந்தபோது ஒரு நாவல் பாதியில் நின்றது. பெயர் "மேரி ஆர்டன்". இளைய மகள் ரூத் அதை முடித்து வைத்தார். கைக்குழந்தையாகத் தகப்பனாரை இழந்த அதே ரூத்! 1948-ல் புத்தகம் வெளிவந்தது.

கல்யாணம் முதலில், காதல் பிறகு

இனி கனடா நாட்டுக்குப் போவோம்.

ஜேனட் ஓக் 1935-ல் ஆல்பர்ட்டா மாநிலத்தில், சாம்பியன் என்ற ஊரில் பிறந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. வேத பாடசாலையில் படித்தார். அங்கே சந்தித்தவரையே 1957-ல் மணந்தார். நான்கு குழந்தைகளை வளர்த்தார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாவல் எழுதினார்.

எழுதியதை ஒரு பெரிய பதிப்பாளருக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. மினியாபொலிஸ் நகரத்தில் "பெத்தனி ஹவுஸ்" என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் இருந்தது. அங்கே அனுப்பினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1979-ல் வந்த அந்த நாவலின் பெயருக்கு "காதல் மெல்ல வரும்" என்று பொருள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனை ஆயிற்று! அதுவரையில் காதல் நாவல் பக்கமே திரும்பாத கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பிறகு வரிசையாக ஆரம்பித்தன.

அப்படி என்ன இருந்தது அந்தக் கதையில்?

மார்ட்டி என்ற பெண். வயது 19. கணவனோடு கூண்டு வண்டியில் மேற்கே குடியேறப் போகிறாள். வழியில் கணவன் குதிரையிலிருந்து விழுந்து இறந்து விடுகிறான். குளிர் காலம் வரப்போகிறது. ஊர் திரும்ப வழி இல்லை. கையில் காசும் இல்லை. வயிற்றில் குழந்தை.

அடக்கம் நடந்த அன்றே ஒருவன் வருகிறான். பெயர் கிளார்க். மனைவியை இழந்தவன். அவன் வீட்டில் தாயில்லாத ஒரு பெண் குழந்தை இருக்கிறது. "என்னைக் கல்யாணம் செய்துகொள். என் குழந்தைக்குத் தாயாக இரு. வசந்த காலத்தில் ஊர் திரும்பும் வண்டிகள் வரும். அப்போதும் போக வேண்டும் என்றால் செலவுக்குப் பணம் நான் தருகிறேன்" என்ற கருத்தில் பேசுகிறான்.

கணவனைப் புதைத்த ஈரம் காயவில்லை. அவளுக்கு அவன் மேல் ஆத்திரம் பொங்குகிறது. ஆனால் இரவில் படுக்க இடம்? கடமைக்காகச் சம்மதிக்கிறாள். அவன் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, பக்கத்துச் சாய்ப்பில் படுத்துக்கொள்கிறான்.

கல்யாணம் முதலில், காதல் பிறகு. அமெரிக்க வாசகர்களுக்கு இது அதிசயமாக இருந்தது. நம் பாட்டிமார்களிடம் சொன்னால், "இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பார்கள்!

மார்ட்டிக்குச் சமைக்கத் தெரியாது. மூன்று வேளையும் பான்கேக் என்னும் மாவு அப்பம். மறுநாளும் அதே அப்பம். கிளார்க் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான். காலையில் சாப்பிடுவதற்கு முன் வேதத்தை எடுத்து வாசிக்கிறான், ஜெபம் செய்கிறான். "நீயும் ஜெபம் செய்" என்று அவளை வற்புறுத்துவதில்லை. அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் அவளுக்கே ஒரு சந்தேகம் வருகிறது: இவன் யாரோடு பேசுகிறான்?

சாமர்த்தியமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பிரசங்கம் செய்திருந்தால் வாசகர்கள் நாலு பக்கத்தைத் தாண்டிப் படித்திருப்பார்கள். கருகிய அப்பத்தை ஒருவன் பேசாமல் சாப்பிட்டால், அவன் நம்புகிற கடவுளைப் பற்றி நமக்கே தெரிந்து கொள்ளத் தோன்றுகிறது. வசந்த காலம் வந்தால் அவள் போய் விடுவாளா என்ற பயமும் அப்பத்தோடு அப்பமாகக் கதையில் வெந்து கொண்டே இருக்கிறது.

2003-ல் இந்தக் கதை டெலிவிஷன் படமாகவும் வந்தது.

நுகத்தடி ஒன்று

இந்த நாவல்களுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. எழுதிய சட்டங்களும் உண்டு. 1997-ல் ஹார்லிக்வின் என்ற பெரிய காதல் நாவல் கம்பெனி "லவ் இன்ஸ்பயர்ட்" என்ற வரிசையை ஆரம்பித்தது. ஒரு நாவலுக்குச் சுமார் 55 ஆயிரம் வார்த்தைகள். கெட்ட வார்த்தை கூடாது. கல்யாணத்துக்கு முன் கட்டில் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகும் அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும்!

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. அணை கட்டினால்தான் தண்ணீர் உயரும். முத்தம் 300-ம் பக்கத்தில்தான் என்று தெரிந்தால், 40-ம் பக்கத்தில் அவன் அவள் கையிலிருந்து வாளியை வாங்கும்போதே வாசகிக்கு நெஞ்சு படபடக்கும்.

பெரிய கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் விசுவாசிகளாக இருந்தால்தான் கல்யாணம். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் பூட்டப்படக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சொல்கிறார். மாட்டையும் கழுதையையும் சேர்த்து உழாதே என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. ஏர் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். ஒன்று முன்னே இழுக்கும். மற்றொன்று பின்னே இழுக்கும். இரண்டின் கழுத்தும் புண்ணாகும்.

ஆகவே கடவுளை நம்பாத கதாநாயகன் மனம் மாற வேண்டும். எப்போது மாறுவது? இதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அவள் "மாட்டேன்" என்கிறாள். உடனே இவன் கோவிலுக்குப் போகிறான். கண்ணீர் விடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம்! இது மனமாற்றமா, மாப்பிள்ளை வேஷமா? பெண்ணைப் பெற்றவர் யாரும் ஏமாற மாட்டார். வாசகர் மட்டும் ஏமாறுவாரா?

தேர்ந்தவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். முதலில் அவன் அவளை இழக்க வேண்டும். இனி அவள் கிடைக்கவே மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில், லாபம் எதுவும் இல்லாத நேரத்தில், அவன் முழங்கால் போட்டால் அதை நாம் நம்புவோம். பிறகு அவள் திரும்பி வந்தால் அது பரிசு. வராமல் போனாலும் அவன் மனிதன்.

இன்னொரு வழுக்கல், ஜெபத்துக்கு உடனே பதில். கதாநாயகி மழைக்காக வேண்டுகிறாள், மழை பெய்கிறது. கடனுக்காக வேண்டுகிறாள், செத்துப்போன மாமா உயில் எழுதி வைத்திருக்கிறார். இப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவை வாசகருக்குக் கவலையே இருக்காது. கேட்டபோதெல்லாம் மழை பெய்தால் கதை நனைந்து போகும்.

பைபிளில் உள்ள ரூத் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரூத் ஒரு விதவை. வேறு நாட்டுக்காரி. மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மனமில்லாமல் பெத்லகேமுக்கு வருகிறாள். அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமியாருக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். அந்த வயல் போவாஸ் என்ற பெரியவருடையது. அவர் என்ன செய்தார்? காதல் வசனம் பேசவில்லை. "அவளுக்காகக் கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாருங்கள்" என்ற கருத்தில் ஆட்களிடம் சொல்லி வைத்தார். வானத்திலிருந்து குரல் வரவில்லை. தேவதூதர் யாரும் இறங்கவில்லை. அரிவாளும் கதிரும்தான். கடைசியில் போவாஸ் ரூத்தை மணக்கிறார். கடவுள் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த ரகத்தில் எழுத விரும்புகிறவர்கள் வேறு பாடப் புத்தகம் தேட வேண்டாம்.

குதிரை வண்டி நாவல்கள்

1997-ல் பெவர்லி லூயிஸ் என்ற அம்மையார் "தி ஷன்னிங்" என்ற நாவலை எழுதினார். பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றிய கதை. அவர்கள் மோட்டார் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில் போகிறார்கள். சபையை மீறினால் ஒதுக்கி வைத்து விடுவார்கள். அந்த நாவலின் வெற்றிக்குப் பிறகு ஆமிஷ் காதல் கதைகள் காளான் போல முளைத்தன. அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் இருந்தால் போதும், விற்றுவிடும் என்ற நிலை. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர். அந்த மக்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியார் எழுத, வெளியார் படித்தார்கள்.

மன்னிப்பை யார் தருவது?

கிறிஸ்தவக் கதையில் மன்னிப்பு முக்கியம். எவ்வளவு பெரிய பாவியும் திருந்தலாம். நல்ல கொள்கைதான். ஆனால் கதையாக எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது.

2014-ல் "ஃபார் சச் எ டைம்" என்ற நாவல் வந்தது. பைபிளில் வரும் எஸ்தர் ராணி கதையை இரண்டாம் உலகப் போரில் வைத்து எழுதியது. எஸ்தர் யூதப் பெண். அவளை மணந்தவன் பாரசீக ராஜா. நாவலில் ராஜாவுக்குப் பதில் யார் தெரியுமா? டெரஸியன்ஷ்டாட் என்ற சிறை முகாமுக்குத் தலைவனான நாஜி அதிகாரி! யூதப் பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். அந்த முகாமில் மட்டும் சுமார் 33 ஆயிரம் பேர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். அங்கிருந்து இன்னும் பல பத்தாயிரம் பேரை ஆஷ்விட்ஸ் போன்ற இடங்களுக்கு ரெயிலில் ஏற்றிக் கொல்ல அனுப்பினார்கள். 2015-ல் அமெரிக்கக் காதல் நாவல் ஆசிரியர் சங்கத்தின் பரிசுப் பட்டியலில் இந்த நாவல் இரண்டு பிரிவுகளில் இடம் பெற்றது. யூத வாசகர்கள் கொதித்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களே!

அதோடு முடியவில்லை. 2021-ல் அதே சங்கம் "அட் லவ்ஸ் கமாண்ட்" என்ற நாவலுக்குப் பரிசு கொடுத்தது. கதை, 1890 டிசம்பர் 29-ல் தெற்கு டகோட்டாவில் நடந்த வூண்டட் நீ படுகொலையில் தொடங்குகிறது. அன்று அமெரிக்கக் குதிரைப் படை லகோட்டா இன மக்களைச் சுட்டுத் தள்ளியது. செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். நாவலின் கதாநாயகன் அந்தப் படையில் இருந்தவன். மனம் வருந்துகிறான். திருந்துகிறான். காதலியை அடைகிறான். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பரிசு வாபஸ் வாங்கப்பட்டது.

"பாவி திருந்தக் கூடாதா?" என்று சிலர் வாதாடினார்கள். திருந்தலாம். ஆனால் மன்னிக்க வேண்டியவர்கள் புதைகுழியில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையில் ஒரு வரி வசனம் கூட இல்லை. கொன்றவனுக்குக் கல்யாணம்; செத்தவர்களுக்கு முதல் அத்தியாயம் மட்டும். கணக்கு சரியாக இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சொந்த ஊரில், சொந்தத் தவறு செய்தவனைத் திருத்துங்கள். அவன் யாருக்குத் தீங்கு செய்தானோ, அவர் எதிரே போய் நிற்கட்டும். அவர் மன்னிக்கலாம், கதவைச் சாத்தலாம். அந்த உரிமை அவருடையது.

ஓசியாவின் மனைவி

இந்த ரகத்தில் மிகவும் துணிச்சலான நாவலை எழுதியவர் பிரான்சைன் ரிவர்ஸ்.

அவர் 1947-ல் பிறந்தவர். முதலில் எழுதியவை சாதாரண ரகக் காதல் நாவல்கள். கதவு சாத்தாத நாவல்கள். நல்ல விற்பனை. 1986-ல் அவருக்கு மனமாற்றம் வந்தது. உடனே பக்தி நாவல் எழுதித் தள்ளினார் என்று நினைக்காதீர்கள். எழுத்தே வரவில்லை! மூன்று வருஷம் ஒன்றும் ஓடவில்லை. எழுதிப் பிழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் பைபிளில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்தார். ஓசியா கடவுளின் கட்டளைப்படி கோமேர் என்ற நடத்தை தவறிய பெண்ணை மணக்கிறார். அவள் அவரை விட்டுப் போய் விடுகிறாள். அவர் தம் சொந்த மனைவியை 15 வெள்ளிக் காசும் கொஞ்சம் வாற்கோதுமையும் விலையாகக் கொடுத்து மீட்டுக்கொண்டு வருகிறார்!

ரிவர்ஸ் இந்தக் கதையை 1850-ல் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். தங்கம் தோண்ட உலகமே ஓடி வந்த காலம். சுரங்கத்து ஊரில் ஒரு விலைமகள். "ஏஞ்சல்" என்று பெயர். எட்டு வயதில் விற்கப்பட்டவள். யாரையும் நம்ப மாட்டாள். மைக்கேல் ஓசியா என்ற விவசாயி அவளை மணக்கிறான். அவள் ஓடிப் போகிறாள். அழைத்து வருகிறான். மறுபடியும் போகிறாள். நாவலின் பெயர் "ரிடீமிங் லவ்". மீட்கும் அன்பு என்று சொல்லலாம்.

1991-ல் பொதுவான பதிப்பகம் ஒன்றில் இது வெளிவந்தது. 1997-ல் ஆசிரியை உரிமையைத் திரும்பப் பெற்று, சில பகுதிகளைத் திருத்தி, கிறிஸ்தவப் பதிப்பகத்தில் மறுபடியும் வெளியிட்டார். அதன் பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது. 2022-ல் சினிமாவாக வந்தது.

இந்த நாவலில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது. ஏஞ்சல் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும்போது மைக்கேல் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிறான். அவளுக்குச் சரியாக நினைவு கூட இல்லை. அது சம்மதமா? அவன் நல்லவன் என்பதால் நாம் பேசாமல் தாண்டிப் போகிறோம். கெட்டவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஆனால் கதை முடிவதற்குள் ஆசிரியை ஒரு காரியம் செய்திருக்கிறார். ஏஞ்சல் கடைசித் தடவை பிரிந்து போகும்போது மைக்கேல் அவளைத் தேடிப் போவதில்லை. மூன்று வருஷம். அவள் தன் பழைய கொடுமைக்காரனை நேருக்கு நேர் பார்க்கிறாள். தன் காலில் நிற்கிறாள். பிறகு தானாக நடந்து, பண்ணை வீட்டுக்கு வருகிறாள். அந்த நடையில்தான் அவளுடைய உண்மையான சம்மதம் இருக்கிறது.

மனமாற்றத்துக்கு முன் எழுதிய பழைய நாவல்களை ரிவர்ஸ் என்ன செய்தார்? அவற்றின் உரிமைகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி யாரும் அச்சடிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார். அதனால் வரக்கூடிய வருமானமும் நின்றது. ஆனால் விற்றுப்போன பிரதிகளை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. அவை பழைய புத்தகக் கடைகளில் கை மாறிக்கொண்டிருக்கின்றன. அச்சில் இல்லாத காரணத்தால் அவற்றுக்கு விலையும் அதிகம்!